காற்று வரும் பக்கம் கல்லா

கடையக்கா ஏணியிலிருந்து விழுந்தது ஒரு புத்தகத்துக்காக. அதைக் கேட்டு வந்த ஆசாமி, அவள் விழுந்த சத்தத்தில் பதறிப்போய் வண்டி பிடிக்க ஓடினார். வண்டியை அனுப்பிவைத்துவிட்டு அவர் எங்கேயோ போய்விட்டார்; புத்தகத்தை வாங்கவில்லை. ஆஸ்பத்திரியில் காலுக்கு மாவுக்கட்டுப் போடும்போது வலியைவிட அதுதான் அவளுக்கு உறுத்தியது. எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு விழுந்திருக்கலாம்.

அப்படிப்பட்டவள் அவள். அண்ணன் குழாய்க் கடை வைத்திருந்தார். அதே கட்டடத்தில் பக்கத்து நீளக் கடையில் அப்பா காலத்துப் புத்தக வியாபாரத்தைத் தங்கையிடம் விட்டிருந்தார். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றி அவளைத் தவிர உறவில் எல்லோரும் கவலைப்பட்டார்கள். அவளுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? வாசலை அடைத்த மாதிரி குறுக்கே ஒரு கல்லா மேசை, அதன் பின்னால் அவள், அவளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் கூரை வரைக்கும் புத்தகம். வருகிறவர் படியில் நின்றுகொண்டு கேட்க வேண்டியது. கேட்டு முடிப்பதற்குள் புத்தகம் மேசைமேல் விழும். பேர் தெரியாதவர்களும் வருவார்கள். "அக்கா, நீல அட்டை போட்டு, ஓரத்துல ஒரு மாடு நிக்குமே?" என்பார்கள். மாடு நிற்கும் புத்தகம் எது, படுத்திருக்கும் புத்தகம் எது என்று அவளுக்குத் தெரியும். மின்சாரம் போன நேரத்தில் தடவியே எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

புத்தகம் என்றால் அவளுக்கு உயிர் என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். அவளும் அப்படித்தான் நம்பியிருந்தாள். எதையாவது படித்திருக்கிறாயா என்று ஒருவரும் கேட்டதில்லை. படிப்பதற்கு ஒரு இடத்தில் உட்கார வேண்டுமே. இவள் எங்கே உட்கார்ந்தாள்?

அவளுக்குப் பிடிக்காத வார்த்தை ஒன்று உண்டு. "சும்மா பாக்கறேங்க." யாராவது அதைச் சொன்னால் அவளுக்குச் சுருக்கென்றிருக்கும். என்ன வேண்டும் என்று தெரியாமல் ஒருத்தர் கடைக்கு வருவாரா? வயிற்று வலிக்காரர் மருந்துக் கடைக்குப் போய் சும்மா பார்க்கிறேன் என்பாரா? "பார்க்கிறதுக்கு என்ன இருக்கு, கேளுங்க, தர்றேன்" என்பாள். அந்த மனிதர் கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல் அசடு வழிய நழுவிவிடுவார். ஒரு கூட்டம் குறைந்தது என்று அவளுக்கு நிம்மதியாக இருக்கும்.

கட்டுப் பிரித்து, கையில் ஊன்றுகோலோடு அவள் கடைக்குத் திரும்பிய அன்று வாசலில் கல்லாவைக் காணோம். ஒரு கணம் அவளுக்கு உயிரே போய்விட்டது. எட்டிப் பார்த்தாள். கடையின் அந்தக் கோடியில், இருக்கிற ஒரே மின்விசிறிக்கு நேர் கீழே, கல்லா மேசை குளுகுளுவென்று இருந்தது. அதன் பின்னால் அண்ணி, கன்னத்தில் கை வைத்து, கண்ணை மூடி, சொர்க்கத்தில் இருந்தாள்.

"அண்ணி! என்ன இது?"

அண்ணி ஒரு கண்ணைத் திறந்தாள். "வந்துட்டியாம்மா! கால் எப்படி இருக்கு? உக்காரு, உக்காரு."

"கல்லா ஏன் இங்க இருக்கு?"

"வாசல்ல காத்தே வரலைம்மா. இத்தனை வருஷம் அங்க எப்படித்தான் உக்காந்தியோ. உங்க அண்ணன் கடை ஆளுங்க ரெண்டு பேரைக் கூப்பிட்டு இப்படி நகர்த்தச் சொன்னேன்."

கடையக்கா சுற்றிப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. குழந்தைகள் புத்தகமெல்லாம் தரையோடு தரையாக, முழங்கால் உயரத் தட்டில் கிடந்தன. அண்ணிக்குக் கையைத் தூக்கி அடுக்கச் சோம்பல். புதுச் சரக்கு வந்த மூட்டையைப் பிரித்து அப்படியே நடு மேசையில் கொட்டியிருந்தாள், காய்கறிக் குவியல் மாதிரி. மேல் தட்டுக்கு ஏணி ஏற வேண்டும். நாத்தனார் விழுந்த ஏணியில் ஏற அண்ணிக்கு என்ன தலையெழுத்தா? தட்டு காலியாக இருந்தால் அண்ணன் கேட்பார் என்று, கழியால் எட்டுகிற இடத்தில் நாலைந்து புத்தகங்களை அட்டை தெரிகிற மாதிரி அகலமாக நிறுத்தி, இடத்தை அடைத்திருந்தாள்.

அப்போது ஒருவர் உள்ளே வந்தார். பழைய வாடிக்கைதான், மகனுக்குக் கணக்கு கைடு வாங்குகிறவர். வழக்கமாகப் படியில் நிற்பவர் இப்போது கடையின் முழு நீளத்தையும் நடந்து கல்லாவுக்கு வந்தார். "கைடு வந்திருச்சாங்க?"

கடையக்காவின் கை தானாக இடது பக்கம் நீண்டது. அங்கே கைடு இல்லை, யாரோ ஒருவரின் தோட்டக்கலை இருந்தது.

"இங்கதான் எங்கயாவது இருக்கும்," என்றாள் அண்ணி, கண்ணைத் திறக்காமல். "பாருங்க, கிடைக்கும்."

கடையக்காவுக்கு வெட்கத்தில் முகம் சுண்டியது. இப்போது இந்த மனிதர் சத்தம் போடப்போகிறார், நாலு பேர் கூடப்போகிறார்கள் என்று நினைத்தாள். அவர் சத்தம் போடவில்லை. தலையைச் சாய்த்துச் சாய்த்துத் தட்டுகளைப் பார்த்தபடி போனார். குவியலைக் கிளறினார். எதையோ எடுத்துப் புரட்டி, தனக்குள் சிரித்தார். கடைசியில் கைடோடு வந்தார்; கைடுக்கு எந்த விதத்திலும் சம்பந்தமில்லாத இரண்டு புத்தகங்களும் கூட வந்தன. "கடை இப்பதாங்க நல்லா இருக்கு. நிறைய சரக்கு வாங்கிப் போட்டிருக்கீங்க போல," என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு புத்தகம்கூடப் புதிதாக வாங்கிப் போடவில்லை. எல்லாம் இவள் முதுகுக்குப் பின்னால் இருந்தவைதான்.

சாயங்காலம் அண்ணன் வந்தார். அவர் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் அல்ல. "நீ படுத்திருந்த நாள்ல வியாபாரம் ஒண்ணுக்கு ஒண்ணரையாப் போயிருக்கு. உங்க அண்ணிக்கு வியாபாரம் ரத்தத்துலயே ஊறியிருக்கும்மா." ரத்தத்தில் ஊறியிருந்தது தூக்கம் என்பது கடையக்காவுக்குத் தெரியும்.

"நான் என்னண்ணே தப்பு பண்ணேன்? ஒருத்தரை நிக்க வச்சிருப்பேனா?"

"அதாம்மா தப்பு. கேட்டான், கொடுத்தே, போயிட்டான். அவன் மூச்சு விடறதுக்குள்ள அனுப்பிடறே. ரெண்டாவது பொருள் எப்படி வாங்குவான்?"

இத்தனை வருஷமாக எதை நினைத்து அவள் நிமிர்ந்து நடந்தாளோ, அதுவே கடைக்குப் பிடித்த பீடை என்று ஆகிவிட்டது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அண்ணன் அதைப் பார்த்து இறங்கி வந்தார். இந்த ஒரு மாதம் நீயே உட்கார், அண்ணி விற்ற அளவு நீயும் விற்றுக் காட்டினால் கல்லா உனக்கு, இல்லையென்றால் அண்ணிக்கு என்றார். ஒரே ஒரு நிபந்தனை. கல்லாவை இடம் மாற்றக் கூடாது.

"தோத்துட்டா நான் எங்க போறது?" என்று கேட்டாள்.

"உனக்கு வேற எங்கயாவது பாப்போம்," என்றார் அண்ணன். அந்த எங்கயாவது அவளைக் கத்தி மாதிரி குத்தியது. கல்லாவை விட்டால் அவளுக்கு இந்த உலகத்தில் உட்கார வேறு இடம் கிடையாது.

முதல் வாரம் மண்ணைக் கவ்வினாள். பழக்கம் விடுமா? வாசலில் ஆள் நிழல் விழுந்ததுமே ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு எழுந்து, நொண்டியபடி எதிர்கொண்டு போய், "என்ன வேணும்?" என்பாள். நொண்டிக்கொண்டு வருகிற பெண்ணிடம் சும்மா பார்க்கிறேன் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? ஏதாவது ஒன்றைச் சொல்லுவார்கள், அவள் எடுத்துக் கொடுப்பாள், அவர்கள் குற்ற உணர்ச்சியோடு வாங்கிக்கொண்டு ஓடுவார்கள். கடை நடுவில் குவிந்து கிடந்த புத்தகங்களை அவள் அடுக்கியும் வைத்துவிட்டாள். அடுக்கிவைத்ததும் ஒருவர்கூட அதில் கை வைக்கவில்லை. கலைத்துவிட்டால் திட்டுவாள் என்று பயந்தார்கள் போலிருக்கிறது.

இரண்டாவது வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலியை விட்டு எழுவதில்லை என்று தீர்மானித்தாள். அண்ணியின் வேதவாக்கை வீட்டில் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பழகினாள். "எங்கயாவது இருக்கும், பாருங்க." கண்ணாடியில் இருந்தவள் நம்பவில்லை. கடைக்கு வந்தவர்களும் நம்பவில்லை. காரணம் அவள் கண். வாய் எங்கயாவது என்று சொல்லும்போதே கண் நேராக அந்தத் தட்டுக்குப் போய்விடும். ஒரு ஆசிரியை அகராதி கேட்டாள். இவள் பாருங்க என்றாள். ஆசிரியை இவள் முகத்தைப் பார்த்தாள், இவள் கண் போன திசையில் நாலடி வைத்தாள், அகராதியை உருவினாள், வந்தாள். "தேங்க்ஸ்க்கா, உங்க கண்ணே காட்டிக் கொடுத்திருச்சு," என்று சிரித்தாள்.

மறுநாள் கடையக்கா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்தாள். கண் வலி என்று சொல்லிவைத்தாள். கையில் ஊன்றுகோல், கண்ணில் கறுப்புக் கண்ணாடி, வந்தவர்கள் கலங்கிப்போனார்கள். ஒரு பெரியவர் புத்தகத்தைத் தானே தேடி எடுத்ததோடு, மீதிச் சில்லறையை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார். ஆனால் கண்ணாடி வேலை செய்தது. எந்தத் தட்டு என்று யாருக்கும் தெரியவில்லை, எல்லோரும் தேடினார்கள். தேடத் தேட வாங்கினார்கள்.

என்றாலும் அது அவளுக்குப் பெரிய சித்திரவதை. பொய் சொல்கிறோம் என்பதுகூட இல்லை. ஒரு மனிதர் சரியான புத்தகத்துக்கு இரண்டு அங்குலம் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்விட்டு அந்தப் பக்கம் திரும்பும்போது அவளுக்கு உள்ளங்கால் வரைக்கும் கூசும். "அதுதாங்க, அதுதான்" என்று தொண்டை வரைக்கும் வரும். விழுங்குவாள். நாளெல்லாம் விழுங்கி விழுங்கி, ராத்திரிச் சாப்பாடே இறங்கவில்லை.

மூன்றாவது வாரம் அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. தெரிந்தால்தானே விழுங்க வேண்டும்? தெரியாமலே இருந்துவிட்டால்? கடைக்கு விடுமுறை நாளில் அண்ணியிடம் போய் நின்றாள்.

"அண்ணி, ஒரு உதவி. கடைக்குப் போய் எல்லாத்தையும் மாத்தி அடுக்கிடுங்க. நான் வரலை, பாக்கவும் மாட்டேன்."

"எப்படி அடுக்கட்டும்?"

"உங்களுக்குத் தோணறபடி."

அண்ணிக்குத் தான் போட்டிக்காரி என்பது நினைவிருந்ததா தெரியாது. இருந்தாலும் அவள் கெட்ட எண்ணம் இல்லாதவள். கெட்ட எண்ணத்துக்கும் கொஞ்சம் முயற்சி வேண்டுமே. போனாள், இஷ்டத்துக்கு மாற்றினாள். சமையலைச் சட்டத்துக்குப் பக்கத்திலும் ஜோதிடத்தைக் கணக்குக்குப் பக்கத்திலும் வைத்தாள். அட்டை நிறம் ஒத்துப்போனவற்றை ஒரே வரிசையாக நிறுத்தி அழகு பார்த்தாள்.

அடுத்த நாள் காலையில் கடையக்கா தன் சொந்தக் கடையில் வழி தெரியாமல் நின்றாள். யார் எதைக் கேட்டாலும், "தெரியலைங்க, பாருங்க" என்றாள், மெய்யாகவே தெரியாமல். அது அவளுக்குப் புது அனுபவம். மனசு லேசாகக்கூட இருந்தது. கடையில் கூட்டம் நின்றது, நகர்ந்தது, ஒருவர் முதுகில் ஒருவர் இடித்துக்கொண்டது. போக்குவரத்துக் காவலர் ஒருவர் மாதாமாதம் வந்து பதவி உயர்வுத் தேர்வுக்கான சட்டப் புத்தகம் மட்டும் வாங்கிப் போவார். வேறு எதையும் பார்க்க மாட்டார். சட்டத்துக்கு இன்னொரு பக்கத்தில் அன்று தேனீ வளர்ப்பு இருந்தது. மனிதர் தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே பாதிப் புத்தகத்தைப் படித்துவிட்டார்.

"ஏங்க்கா, ராணித் தேனீ ஒரு நாளைக்கு எத்தனை முட்டை போடும் தெரியுமா?" என்று கல்லாவுக்கு வந்து கேட்டார்.

"தெரியாதுங்க."

"சரி, நான் வாங்கிக்கிறேன்," என்றார், அவள் நஷ்டப்பட்டுவிடக் கூடாது என்பது போல. போகும்போது அவர் முகத்தில் இருந்த பிரகாசத்தை அவள் இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை. அவளுக்குச் சந்தோஷமாக இல்லை. எரிச்சலாக இருந்தது. இவர் இத்தனை காலமாக என் படியில் வந்து நின்றாரே, ஒரு தடவையாவது தேனீ வேண்டும் என்று கேட்டிருக்கலாமே என்றிருந்தது.

துரதிர்ஷ்டம் என்னவென்றால், அவளுக்கு மறக்க வராது. ஒருவர் ஒரு புத்தகத்தை உருவினால் போதும், அது எங்கிருந்து வந்தது என்று மண்டையில் ஏறிவிடும். வாரத்தின் நடுப்பகுதி வந்தபோது கடை முழுவதும் மறுபடி அத்துப்படி. கறுப்புக் கண்ணாடியைத் திரும்ப எடுத்து மாட்டிக்கொண்டாள். நாலாவது வாரமும் அண்ணி வந்து கலைத்துவிட்டுப் போனாள். அதுவும் மூன்றே நாளில் பாடமாகிவிட்டது.

ஆனாலும் கணக்கு ஏறியிருந்தது. மாதத்தின் கடைசி நாள், கடை சாத்த அரை மணி நேரம் இருக்கும்போது அவள் கூட்டிப் பார்த்தாள். அண்ணியின் அளவுக்குக் கொஞ்சம்தான் குறை. இன்னும் மூன்று நாலு புத்தகம் போனால் போதும். கல்லா அவளுடையது. கண்ணாடியைச் சரியாக அழுத்திவிட்டுக்கொண்டு, சாமியார் மாதிரி அசையாமல் உட்கார்ந்தாள்.

அப்போதுதான் அந்தப் பேருந்து நடத்துநர் வந்தார். சீருடை கசங்கியிருந்தது, முகத்தில் தூக்கமே இல்லை, ஆனால் பல் மட்டும் தெரிந்துகொண்டே இருந்தது.

"அக்கா, குழந்தைக்குப் பேர் வைக்கிற புத்தகம் இருக்கா? பொண்ணு பொறந்திருக்கா. நாளைக்குக் காலையில பேர் எழுதிக் கொடுக்கணும்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. வீட்டுல நானும் அவளும் சொல்ற பேரெல்லாம் ரெண்டு பக்கத்துச் சொந்தத்துல எவளோ ஒருத்திக்கு இருக்கு."

இருந்தது. தேசப்படங்களுக்குப் பின்னால், கீழ்த்தட்டில், வலது ஓரம். ரோஜா நிற அட்டை, கொஞ்சம் மெலிசு. ஒரே ஒரு பிரதி. அவளுக்கு அதன் முதுகில் கிழிந்திருந்த இடம்கூடத் தெரியும்.

"எங்கயாவது இருக்கும்," என்றாள் கடையக்கா. "பாருங்க."

அவர் பார்த்தார். ஆசையோடு பார்த்தார். குவியலில் கையை விட்டு ஒரு சதுரங்கப் புத்தகத்தை எடுத்தார். சின்ன வயதில் விளையாடியது ஞாபகம் வந்திருக்க வேண்டும். மாடித் தோட்டம் ஒன்று அகப்பட்டது. அவர் அம்மாவுக்குச் சர்க்கரை போலிருக்கிறது, "சர்க்கரைக்காரங்க என்ன சாப்பிடலாம்னு இதுல போட்டிருக்குங்க்கா," என்று தூரத்திலிருந்தே காட்டினார். நட்சத்திரங்களைப் பற்றி ஒன்று. தேசப்படங்கள் வரைக்கும் வந்தார். குனிந்தார். நிமிர்ந்தார்.

"கிடைக்கலைக்கா. பரவாயில்ல. இதெல்லாம் கொடுங்க," என்று நான்கையும் மேசைமேல் வைத்தார். வாங்கிக்கொண்டு, அதே பல் தெரிய, போனார்.

நாலு புத்தகம். கணக்கு தாண்டிவிட்டது. இனி ஒருவரும் வராவிட்டாலும் கல்லா அவளுடையது. ஜெயித்துவிட்டோம் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். கண் நேராகத் தேசப்படங்களின் கீழ்த்தட்டுக்குப் போனது.

ஒருத்தர் வந்தார், ஒன்று கேட்டார், அது இருந்தது, கொடுக்கவில்லை. இப்படி ஒரு காரியத்தை அவள் தன் ஆயுளில் தெரிந்து செய்ததில்லை. இந்த மூன்று வாரமாகச் செய்ததெல்லாம்கூட, அவர்களே கடைசியில் கண்டுபிடித்துவிட்டதால் கணக்கில் சேராது. இவர் கண்டுபிடிக்கவில்லை. நாளைக்குக் காலையில் அந்தக் குழந்தைக்கு அத்தையோ சித்தியோ யாருடைய பேரோ விழப்போகிறது. அவளால் உட்கார முடியவில்லை. ரோஜா நிற அட்டையை உருவிக்கொண்டு, ஊன்றுகோலைக்கூட எடுக்காமல், ஓடினாள். அதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. ஆனால் தெருவே திரும்பிப் பார்த்தது.

நடத்துநர் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தார்.

"இந்தாங்க!" அவளுக்கு மூச்சு வாங்கியது. "இருந்துச்சுங்க. கிடைச்சிருச்சு."

"அட! எதுக்குக்கா இந்தக் காலோட ஓடி வந்தீங்க?" வாங்கிப் புரட்டினார். நின்றபடியே ஒரு பக்கத்தில் விரலை வைத்தார், உதடு அசைந்தது, கண் கலங்கியது. "இது எங்க சொந்தத்துல எவளுக்கும் இல்லக்கா." பிறகு கையிலிருந்த பையைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே? இந்த நாலையும் எடுத்துக்கறீங்களா? பேர் புத்தகம் வாங்கப் போனவன் செஸ் புத்தகத்தோட போனா எங்க வீட்டுல என்னைக் கொன்னே போட்டுருவா. அது கிடைக்கலையேன்னுதான் இதெல்லாம் கண்ணுல பட்டுது."

கடையக்கா விரலை மடக்கி மாதக் கணக்கைக் கூட்டிப் பார்த்தாள்.

"இன்னைக்கு முடியாதுன்னா நாளைக்குக் கடையில கொண்டுவந்து தர்றேங்க்கா."

நாளைக்கு. நாளைக்கு என்றால் அது அடுத்த மாதக் கணக்கு. நாளைக்குக் கொண்டு வாருங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் வாயைத் திறந்தாள். நாலு புத்தகத்தைச் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலையப்போகிற அந்த முகத்தைப் பார்த்தாள்.

"கொடுங்க," என்றாள்.

நான்கையும் அணைத்துக்கொண்டு அவள் திரும்பி நடந்து வந்தபோது அண்ணன் குழாய்க் கடை வாசலில் நின்றிருந்தார். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்.

"வித்த பொருளை விரட்டிப் போய் வாங்கிட்டு வந்த ஒரே ஆள் நீதாம்மா."

"அவருக்கு அந்தப் புத்தகம் வேணும்ணே."

"அவர் சந்தோஷமா நாலு வாங்கிட்டுப் போனாரு. அதுதான் வேணும்னு உனக்கு யார் சொன்னா?"

"அவர்தான் சொன்னாரு. வந்ததும் அதைத்தான் கேட்டாரு."

அண்ணன் பெருமூச்சு விட்டார். அவருக்குத் தங்கைமேல் பாசம் உண்டு. ஆனால் பேச்சு மாற மாட்டார். மறுநாளே அண்ணி மின்விசிறிக்குக் கீழே போய்ச் சேர்ந்தாள். கடையக்காவை, வேறு இடம் கிடைக்கிற வரைக்கும், குழாய்க் கடையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்தார்கள். ராத்திரி அவள் அழுதாள், நன்றாகவே அழுதாள். குழாயும் வாஷரும் முழங்கை மாதிரி வளைந்த இணைப்பும் கிடக்கிற கடையில் அவளுக்கு என்ன வேலை? புத்தகம் அவள் உயிரல்லவா?

குழாய்க் கடை எப்படிப்பட்டது என்று அதுவரை அவள் உள்ளே வந்து பார்த்ததில்லை. எல்லாம் சாக்கிலும் டப்பாவிலும் கிடந்தன. வேலைக்கு இருந்த இரண்டு பேரும் எதைக் கேட்டாலும் சாக்குக்குள் தலையைவிட்டுத் துழாவினார்கள். வந்தவர்கள் நின்று நின்று கால் கடுத்து, திட்டிக்கொண்டே போனார்கள். இங்கே ஒருத்தரும் சும்மா பார்க்கவில்லை என்பதை அவள் கவனித்தாள். தண்ணீர் ஒழுகுகிற வீட்டிலிருந்து வருகிறவன் எதைப் பார்ப்பான்? அவள் ஸ்டூலிலிருந்து இறங்கினாள். யாரும் சொல்லாமலே டப்பாக்களைப் பிரித்தாள், அளவு பார்த்தாள், திருகு மரை பார்த்தாள், அடுக்கினாள். சாப்பிடக்கூடப் போகவில்லை. இரண்டே நாளில் கடை அவளுக்குள் ஏறிவிட்டது.

மூன்றாம் நாள் காலை ஒரு பெண் தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். முழங்கை வரைக்கும் ஈரம். கைக்குட்டையில் உடைந்த குழாய்த் துண்டு ஒன்றைச் சுற்றி வைத்திருந்தாள். "வீடு பூரா தண்ணிங்க! நாலு கடை ஏறி இறங்கிட்டேன், எல்லாரும் தேடறேன் தேடறேன்னு நிக்க வைக்கறாங்க. இதே மாதிரி..." அவள் சொல்லி முடிக்கவில்லை. மேசைமேல் டொக்கென்று ஒரு சத்தம்.

அந்தப் பெண் உடைந்த துண்டைப் புதியதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அச்சு அசல். எடுத்துக்கொண்டு இரண்டடி ஓடியவள், நின்று, திரும்பி வந்து, கடையக்காவின் கையைத் தன் ஈரக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"இவ்வளவு நாளா எங்கக்கா இருந்தீங்க?"

இத்தனை வருஷத்தில் கடையக்காவிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை.

"பக்கத்துக் கடையிலதாங்க," என்றாள்.